மங்களம் இல்லாத படம்

இரும்புலியூர் ஏரியில் முன்பொரு நீர்க்கோழி இருந்ததாம். மற்றப் பறவைகள் எல்லாம் ஏரியின் நடுவில், கோரைப்புல் மறைவில் கூடு கட்டின. இது ஒன்று மட்டும் கரையோரத்து வண்டிப்பாதைக்கு அடியில் கட்டிற்று. "பைத்தியமே, விடிந்ததிலிருந்து அடையும்வரை வண்டிச் சத்தம். உன் குஞ்சுகள் எப்படிக் கண்மூடும்?" என்று மற்றவை சிரித்தன. ஒருநாள் வேடர்கள் தப்பட்டை அடித்துக்கொண்டு ஏரிக்குள் இறங்கினார்கள். சத்தத்துக்கு மிரண்டு எழும்பிய பறவைகள் அத்தனையும் விரித்த வலையில் போய் விழுந்தன. வண்டிச் சத்தத்திலேயே பொரித்த குஞ்சுகள் மட்டும், இது நாம் கேட்காத சத்தமா என்று கூட்டிலேயே உட்கார்ந்திருந்தன.

அதே ஊரில் குப்புராஜ் தமது டாக்கீஸைத் தண்டவாளத்தின் ஓரத்தில் கட்டியபோது இந்தக் கதையை அவருக்கு எவரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால், ஊர் சிரித்தபோது திருப்பிச் சொல்ல ஒரு பதிலாவது கிடைத்திருக்கும்.

கட்டியது அறுபத்தொன்றில். ஒரு போகம் மட்டுமே விளைகிற மேட்டு நிலம் அது. சுவருக்குச் செங்கல், கூரைக்குத் தகரம், முன்னால் ஒரு வராந்தா, பக்கத்தில் ஒரு புங்கமரம். பெயர் செல்லி டாக்கீஸ். ஊர் எல்லையைக் காக்கும் அம்மன் பெயர் என்று குப்புராஜ் சொன்னார். வீட்டுக்காரி பெயர் என்று ஊர் சொன்னது. வீட்டுக்காரி செல்லியம்மாள் இரண்டையும் மறுக்கவில்லை.

ஆனால் தாம்பரம் ரயில் யார்டின் வால் அங்கேதான் வந்து முடிகிறது என்பதைக் கட்டும்போது யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. பெட்டிகளைக் கோத்துப் பிரிக்கும் ஷண்டிங் எஞ்சின் நாள் முழுதும் முன்னும் பின்னும் பெருமூச்சு விட்டுக்கொண்டு நடந்தது. தெற்கே போகிற வண்டிகள் எல்லாம் அந்தச் சுவரை ஒட்டித்தான் போயின. திரையில் கதாநாயகன் தாயின் காலில் விழுந்து கதற ஆரம்பிப்பான். கூட்ஸ் வண்டி வரும். அது போய் முடியும்போது தாய் இறந்திருப்பாள். "செல்லியில படத்த பாரு, வசனத்த வேற கொட்டாயில போயி கேளு" என்று ஊரில் ஒரு சொல்லே உண்டாகிவிட்டது. இரண்டு வருடத்தில் கொட்டகையில் வௌவால் குடியேறியது.

மூடிக் கிடந்ததை மறுபடி திறக்க வைத்தவர் எட்மண்ட். கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்தவர்; மனைவி ஹில்டா பள்ளி ஆசிரியை. இருவரும் குப்புராஜ் வீட்டின் பின்கட்டில் வாடகைக்கு இருந்தார்கள். நல்ல படம் பார்க்கிறவர்கள் என்று சிலர் சேர்ந்து ஒரு ஃபிலிம் சொசைட்டி வைத்திருந்தார்கள். அதற்கு எட்மண்ட் செயலாளர். இடம் தேடி அலைந்தவர் ஒரு மாலையில் பூட்டிக் கிடந்த கொட்டகையைச் சுற்றி வந்தார்.

"ரயில் போவும் சார். ஒண்ணும் கேக்காது" என்றார் குப்புராஜ், குற்றத்தை ஒப்புக்கொள்கிறவர் போல.

"எங்க படத்துக்கெல்லாம் வசனம் கீழே எழுத்துல வருங்க. ரயில் என்ன, ராக்கெட் போனாலும் டிஸ்டர்பன்ஸ் இல்லை" என்றார் எட்மண்ட்.

அப்படித்தான், அறுபத்தேழிலிருந்து, ஞாயிறுதோறும் சர்ச்சில் காலை ஆராதனை முடிந்த பிறகு செல்லி டாக்கீஸில் ஒரு காட்சி நடந்தது. வங்காளம், ஜப்பான், போலந்து என்று எங்கெங்கிருந்தோ படங்கள் தகரப் பெட்டிகளில் வந்தன. பல்லாவரத்திலிருந்தும் குரோம்பேட்டையிலிருந்தும் மின்சார ரயிலேறி மனிதர்கள் வந்தார்கள். படம் முடிந்ததும் வராந்தாவில் நின்று, செல்லியம்மாள் போட்டுத் தரும் மசால்வடையைத் தின்றுகொண்டு, படம் ஓடிய நேரத்துக்குக் குறையாமல் பேசினார்கள். பேசுவதற்காகவே படம் பார்க்கிற மனிதர்களை அவள் அதற்குமுன் கண்டதில்லை.

அவளும் பார்த்தாள். ஆபரேட்டர் சவுரிமுத்துவின் அறைக்கதவை ஒட்டி ஒரு முக்காலி போட்டு, எழுத்தைப் படிக்கத் தெரியாமல், முகங்களை மட்டும் பார்த்தாள். கடல் தாண்டிய ஏதோ ஊரில் ஒரு கிழவி முறத்தில் தானியம் புடைத்தபோது, "நம்ப மொறம் மாதிரியே கீது பாரேன்" என்று சவுரிமுத்துவிடம் சொன்னாள். அன்றிலிருந்து ஒரு ஞாயிறுகூட அவள் தவறவிட்டதில்லை.

எழுபத்தொன்றாம் வருடம் ஐப்பசியில், தூறல் விட்ட ஒரு வியாழக்கிழமை, கொட்டகை வாசலில் ஒரு மாட்டுவண்டி வந்து நின்றது. ஆட்கள் உரமூட்டைகளை இறக்கி வராந்தாவில் அடுக்கத் தொடங்கினார்கள். பின்னாலேயே குப்புராஜின் அண்ணன் தட்சிணாமூர்த்தி குடையை மடக்கிக்கொண்டு வந்தார். நிலம் இன்னும் பாகம் பிரியாத நிலம். திரௌபதியம்மன் கோயில் தர்மகர்த்தாவும் அவர்தான். அவர் பேசினால் ஊரில் இரண்டாவது பேச்சு கிடையாது.

"இன்னா மாமா இது?" என்றாள் செல்லியம்மாள், வடைக்குப் பருப்பு களைந்த கையோடு ஓடிவந்து.

"ஒரம்."

"ஒரம்னு தெரிது. கொட்டாய் வாசல்ல இன்னாத்துக்கு?"

"உள்ள எடம் காலியாவற வரைக்கும் வாசல்ல கெடக்கட்டும்." அவர் மூட்டை ஒன்றைத் தட்டிப் பார்த்தார். "சம்பா நடவு நடந்துகினு கீது. ஒரம் வெக்க எடமில்லாம நானு மாட்டுக் கொட்டாயில வெச்சிகினு கீறேன். இங்க இம்மாம் பெரிய கூரைய போட்டுட்டு, வாரத்துல ஒரு நாளு யார் யாரோ வந்து இருட்டுல குந்திட்டுப் போறான்."

"அவுங்கல்லாம் படிச்ச மனுசங்க மாமா."

"படிச்சவன் படிச்ச ஊர்ல குந்தட்டும். பல்லாவரத்துல இருந்து வர்றான், தாடிய தடவறான், இங்கிலீஸ் பேசறான், வட துண்றான், வண்டி ஏறிப் போறான். நம்ம ஊரு சனம் வாசல்ல நின்னு அவன வேடிக்கை பாக்குது. ஊரு குந்தாத எடம் ஊரு நெலத்துல எதுக்கு?"

குப்புராஜ் புங்கமரத்தடியில் நின்றுகொண்டிருந்தார். அண்ணன் பேசும்போது அவர் தரையைப் பார்ப்பார். சிறு வயதுப் பழக்கம். "அண்ணன் சொல்றதும் நாயம்தான், செல்லி" என்றார்.

செல்லியம்மாள் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. "ஊரு வந்து குந்தினா?" என்று கேட்டாள்.

தட்சிணாமூர்த்தி சிரித்தார். கெட்ட மனிதர் அல்லர். சிரிப்பில் விஷம் இல்லை, நம்பிக்கைதான் இல்லை. "குந்துமா? இந்த ஞாயித்துக்கெயமை குந்த வெய்யி பாக்கலாம். நானே வந்து பாக்கறேன். நம்ம சனத்தால கொட்டாய் ரொம்பட்டும், மூட்டைய நானே ஏத்திகினு போறேன். இல்லேன்னா திங்கக்கெயமை பூட்டு என்னுது. சரிதான?"

"சரி" என்றாள் அவள்.

அன்று சோற்றுக்குக் கருவாட்டுக் குழம்பு. குப்புராஜ் முள்ளை எடுத்து வைத்தபடியே, "வாய வெச்சிகினு சும்மா இருக்கக்கூடாதா நீ?" என்றார். "தமிழ் பேசற படத்துக்கே வராத சனம். இங்கிலீஸ் எழுத்துக்கு எப்டி வரும்? நானே கட்டுனேன், நானே மூடிட்டுப் போறேன். விடு."

"கட்டுனது நீ. பேரு என்னுது" என்றாள் செல்லியம்மாள். அவர் தட்டை முன்னால் தள்ளினார். இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றச் சொன்னார்.

மறுநாள் ஏரிக்கீழ் வயலில் நடவு. செல்லியம்மாளும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பெண்களோடு இறங்கினாள். நடவாட்களுக்குத் தலைவி அங்காளம்மாள். அவள் பாட்டெடுத்தால் வரிசை கோணாது, நின்றால் வரிசையும் நின்றுவிடும்.

"அங்காளம்மா, ஞாயித்துக்கெயமை எல்லாரும் கொட்டாய்க்கு வாங்கடி" என்றாள் செல்லியம்மாள்.

"வரலாம் சின்னம்மா. படத்துல பாட்டு கீதா?"

"இல்ல."

"சண்ட?"

"இல்ல."

"சாமி கீமி?"

"அதுவும் இல்ல."

"அப்பறம் இன்னாத்ததான் காட்றானுங்க?"

"மனுசாளக் காட்றாங்க."

"மனுசனப் பாக்கறதுக்கு கொட்டாய்க்கு எதுக்கு வரணும்? எம் புருசன் வூட்ல சும்மாதான் குந்திகினு கீறான். அவன பாத்துக்கறேன்."

வரிசை முழுதும் குனிந்தபடியே சிரித்தது. ஒருத்தி நாற்றைத் தவறவிட்டுச் சேற்றில் தேடினாள்.

"சிரிக்காதீங்கடி" என்றாள் அங்காளம்மாள். "சின்னம்மா கேக்கறாங்க, வர மாட்டோம்னு இல்ல. பாஷ தெரியாதே? எழுத்தும் தெரியாது. பொம்ம பாத்த மாதிரி பாத்துட்டு வரணும்."

"கூத்துல அவன் பாடறது மட்டும் ஒனக்கு புரியுதா?" என்று பின்னாலிருந்து ஒருத்தி கேட்டாள். "மத்தளம் போடற சத்தத்துல ஒரு வார்த்த காதுல ஏறாது."

"அது புரிய வாணாம்டி. அதான் பகல்லயே பாரதம் படிச்சி கதைய சொல்லிட்றாங்களே. கதைதான் தெரியுமே."

செல்லியம்மாள் கையில் நாற்றோடு நிமிர்ந்து நின்றாள்.

அந்தப் பக்கத்துத் திரௌபதியம்மன் கோயில்களில் அதுதான் முறை. திருவிழா நாட்களில் பகலில் ஒருவர் உட்கார்ந்து பாரதத்தை ஒரு கட்டம் படித்துக் கதை சொல்வார். இரவில் அதே கட்டம் கூத்தாக ஆடப்படும். இன்ன இடத்தில் இன்னார் சாவார் என்பது குழந்தைக்கும் தெரியும். தெரிந்தும் போகிறார்கள் என்பதல்ல, தெரிந்ததனால்தான் போகிறார்கள்.

"இன்னா சின்னம்மா, பாம்பு கீம்பா?" என்றாள் அங்காளம்மாள்.

"நாளைக்கு சாயங்காலம் கொட்டாய் வாசலுக்கு வாங்க. நான் கதை சொல்றேன்" என்றாள் செல்லியம்மாள். குனிந்து நட ஆரம்பித்தாள்.

ஹில்டா டீச்சருக்கு இது பிடிபடவே இல்லை. பள்ளியிலிருந்து வந்து காப்பி கலந்துகொண்டிருந்தவள் கரண்டியை வைத்துவிட்டுத் திரும்பினாள். "என்ன அக்கா நீங்க! முன்னாடியே கதையைச் சொல்லிட்டா அப்புறம் யார் வருவாங்க? எங்க சொசைட்டியில எவராவது முடிவைச் சொன்னா, மெம்பர்ஷிப்பையே கேன்சல் பண்ணிடுவாங்க."

"பாஞ்சாலி சேலைய உருவப் போறாங்கன்னு தெரிஞ்சிதான டீச்சர், ஊரே போயி குந்திகினு அயுவுது?"

ஹில்டா கரண்டியை மறுபடி எடுத்துக் காப்பியைக் கலக்கினாள். பிறகு, "அதுவும் சரிதான். பெரிய வெள்ளிக்கிழமை சிலுவையில என்ன நடக்கும்னு எங்களுக்கு மட்டும் தெரியாதா?" என்றாள். "நான் என்ன செய்யணும்?"

"சவுரிமுத்து சனிக்கெயமை படத்த ஓட்டிப் பாப்பான் இல்ல? நீங்க எம் பக்கத்துல குந்தி, அந்த எயுத்த படிச்சி சொல்லணும்."

சனிக்கிழமை மதியம் எட்மண்ட் பெட்டிகளோடு வந்து இறங்கியபோது முகம் சரியில்லை. வங்காளத்துப் படம், கல்கத்தாவிலிருந்து வரவேண்டியது. கூடூர் பக்கம் வெள்ளத்தில் வண்டிகள் தாமதம். மூன்று பெட்டியில் இரண்டுதான் வந்திருந்தன.

"கடைசிப் பெட்டி அடுத்த வண்டியில வருதுன்னு பார்சல் ஆபீஸ்ல சொல்றாங்க. காலையில நானே சென்ட்ரலுக்குப் போய் எடுத்துட்டு வந்துடறேன்" என்றார்.

"வராட்டி சார்?" என்றான் சவுரிமுத்து.

"வராட்டின்னு பேசாதேப்பா."

இருந்த இரண்டு பெட்டியையும் சவுரிமுத்து ஓட்டினான். இருட்டில் இரண்டு பெண்கள் மட்டும் உட்கார்ந்திருந்தார்கள். ஹில்டா எழுத்தைப் படித்துத் தமிழில் சொன்னாள். வண்டி போகும்போது கத்திச் சொன்னாள். "'நான் போய்ட்டு வரேன்பா'ன்னு மகள் சொல்றா அக்கா!" என்று அவள் கத்தி முடிக்கவும் வண்டி போய் முடியவும் சரியாக இருந்தது. அமைதியில் அந்தச் சொல் கொட்டகை முழுதும் எதிரொலித்தது. செல்லியம்மாள் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

சாயங்காலம் பெண்கள் வந்தார்கள். கால் சேற்றைக் கழுவி, தலையை முடிந்து, இடுப்பில் குழந்தையும் மடியில் வேர்க்கடலையுமாக வந்தார்கள். சில ஆண்களும் சற்றுத் தள்ளிப் புங்கமரத்தடியில், தற்செயலாக வந்தவர்கள்போல நின்றார்கள். உட்கார வேறு இடமில்லாததால் செல்லியம்மாள் வராந்தாவில் உரமூட்டை ஒன்றின்மேல் உட்கார்ந்தாள். கதை என்றால் விளக்கு வேண்டும் என்று அங்காளம்மாள் அகல் ஒன்றை ஏற்றி முன்னால் வைத்தாள். சாரல் படாமல் அதற்கு ஒருத்தி முறத்தைச் சாய்த்துப் பிடித்தாள்.

"ஒரு பெரிய ஆறு" என்று தொடங்கினாள் செல்லியம்மாள். "நம்ம ஏரிய நூறு தடவ ஒட்டவெச்சாலும் அம்மாம் பெருசு வராது. அதுல ஒரு ஓடக்காரன். பொண்டாட்டி இல்ல. ஒரே பொண்ணு."

"பேரு?" என்றது ஒரு குரல்.

"வாயில நொழையாத பேரு. நீ பொண்ணுன்னே வெச்சிக்க."

தொடக்கத்தில் தடுமாறினாள். பிறகு பாரதம் படிப்பவர் பாணி தானாக வந்து சேர்ந்தது: இழுத்துச் சொல்வது, கேள்வி போட்டு நிறுத்துவது, கையை விரிப்பது. ஓடக்காரன் தன் மகளைத் தானே ஓட்டி அக்கரையில் கொண்டுபோய் மாப்பிள்ளையிடம் விட்டான். பண்டிகைக்கு வருவேன் என்று அவள் சொல்லிப்போனாள்.

"தீவாளிக்கா?"

"அவுங்க ஊர்ல வேற பண்டிகை. நமக்கு தீவாளின்னு வெச்சிக்க."

பண்டிகை வந்தது, மகள் வரவில்லை. அடுத்த வருடம் ஆற்றின் மேல் பாலம் கட்ட ஆள்கள் வந்தார்கள். பாலம் வந்ததும் ஓடத்தில் ஏற ஆளில்லை. ஓடத்தை விற்றுவிடு என்று எல்லாரும் சொன்னார்கள். பொண்ணு வந்தா எதுல வருவா என்று கிழவன் கேட்டான். ஒவ்வொரு பண்டிகைக்கும் ஓடத்தைக் கழுவி, கோலம் போட்டு, துறையில் நிறுத்திக் காத்திருந்தான்.

அங்காளம்மாள் வேர்க்கடலை உரிப்பதை நிறுத்தி வெகுநேரம் ஆகியிருந்தது. அவளுடைய மகள் கட்டியவனோடு பம்பாய்க்குப் போனவள். மில்லில் வேலை, தீபாவளிக்கு வருகிறோம் என்று சொல்லிப் போனதுதான். எத்தனையோ தீபாவளி போய்விட்டது. நடவில் அவள் எடுக்கிற பாட்டுகளில் ரயில் வருகிற பாட்டு அதிகம் என்பதை ஊரில் எல்லாரும் கவனித்திருந்தார்கள், கேட்டவர் இல்லை.

"அப்பறம்?" என்றாள் அங்காளம்மாள்.

இரண்டாவது பெட்டி அந்த இடத்தில் முடிந்திருந்தது. அப்புறம் எனக்குத் தெரியாது, பெட்டி வரவில்லை என்று சொல்லத்தான் செல்லியம்மாள் வாயெடுத்தாள். எதிரே விளக்கு எரிந்தது. விளக்கு வைத்துச் சொன்ன கதையை அழுகையில் நிறுத்தக்கூடாது. எந்தக் கதை படித்தாலும் மங்களம் பாடி நல்லதில்தான் முடிக்கவேண்டும் என்பது அவள் பிறந்ததிலிருந்து கண்ட வழக்கம். எதிரே அத்தனை முகங்களும் ஈரமாக இருந்தன. ஹில்டா அவளைப் பார்த்தாள். வேண்டாம் அக்கா என்பதுபோல இலேசாகத் தலையசைத்தாள்.

"அப்பறம் இன்னா? ஒரு நாளு அக்கரையில இருந்து 'யப்பா'ன்னு ஒரு கொரலு" என்றாள் செல்லியம்மாள். "இடுப்புல கொயந்த. கெயவன் ஓடத்த தள்ளிகினு போனான். பொண்ண ஏத்திகினு வந்தான். வூட்ல வெளக்கு ஏத்தினான். சுபம்."

"மங்களம், சுபமங்களம்" என்று பெண்கள் பாடி எழுந்தார்கள். அங்காளம்மாள் விளக்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "நாளைக்கு அந்தப் பொண்ணு மொகத்த பாக்கணும் சின்னம்மா. மொத ஆளா நான் வரேன்" என்றாள்.

அவர்கள் போனபின் ஹில்டா மெல்லக் கேட்டாள்: "அக்கா, படம் அப்படி முடியலேன்னா?"

"முடியாம? அம்மாம் நேரம் காத்திருந்தவனுக்கு வேற எப்டி முடியும்?"

ஞாயிற்றுக்கிழமை கொட்டகை நிறைந்தது. வயலில் குனிந்த பெண்கள், செங்கல் சூளை ஆட்கள், பால்காரர், கோயில் பூசாரி, செம்பாக்கத்திலிருந்து சொந்தம் பார்க்க வந்து இழுத்துவரப்பட்ட இரண்டு மாமியார்கள் என்று எல்லாரும் இருந்தார்கள். சொசைட்டிக்காரர்கள் வந்து சேர்ந்தபோது நாற்காலி ஒன்றும் மிச்சமில்லை. செல்லியம்மாள் தயங்கவே இல்லை. வராந்தாவிலிருந்த உரமூட்டைகளைச் சுவரோரமாகக் கொண்டுவந்து போடச் சொன்னாள். தாடிக்காரர்கள் அவற்றின்மேல் வரிசையாக உட்கார்ந்தார்கள்.

தட்சிணாமூர்த்தி வந்தார். கூட்டத்தைப் பார்த்தார். தம் மூட்டைகளின் மேல் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதையும் பார்த்தார். குப்புராஜ் எழுந்து கொடுத்த நாற்காலியில் அமர்ந்தார். "வர்றது பெருசில்ல. கடைசி வரைக்கும் குந்தறாங்களா பாப்போம்" என்றார்.

படம் தொடங்கிய பிறகுதான் எட்மண்ட் மூன்றாவது பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு, சட்டை நனைய ஓடிவந்து, நேரே சவுரிமுத்துவின் அறைக்குள் போனார்.

அந்தக் கொட்டகையில் அப்படி ஒரு காட்சி நடந்ததில்லை. "அதோ, அதாண்டி ஓடம்!" "இவந்தான் மாப்ள, மூஞ்ச பாரு, திருட்டு முயி!" என்று குரல்கள் எழுந்தன. பாலத்துக்கு முதல் தூண் நட்டபோது செங்கல் சூளை ஆள் ஒருவன், "கலவை பத்தாது" என்றான். மூட்டைமேல் உட்கார்ந்திருந்த ஒரு பேராசிரியர், "எட்மண்ட், என்னய்யா இது, மார்க்கெட் மாதிரி?" என்று முனகினார். முன்வரிசையிலிருந்த கிழவி திரும்பி, "சும்மா இருப்பா, கெயவன் ஓடத்த கயுவறான்" என்றாள். அவர் சும்மா இருந்தார். இடையில் இரண்டு முறை வண்டி போயிற்று. ஒரு தலையும் திரும்பவில்லை.

கடைசிப் பெட்டி ஓடத் தொடங்கியதும் செல்லியம்மாள் முக்காலியில் உட்கார முடியாமல் எழுந்து கதவைப் பிடித்துக்கொண்டாள்.

பண்டிகை நாள். கிழவன் ஓடத்தைக் கழுவினான். கோலம் போட்டான். "இப்ப கூப்பிடுவா பாரு" என்று அங்காளம்மாள் பக்கத்திலிருந்தவளின் கையைப் பிடித்தாள். பாலத்தின்மேல் பஸ்கள் போயின. அக்கரையில் யாரும் கூப்பிடவில்லை. பொழுது சாய்ந்தது. கிழவன் கயிற்றை அவிழ்த்தான். தான் ஏறவில்லை. ஓடத்தை மட்டும் ஆற்றில் தள்ளிவிட்டான். அது கோலத்தோடு, ஆளில்லாமல், பாலத்துக்கு அடியில் புகுந்து போய்க்கொண்டே இருந்தது. திரை வெளுத்தது.

விளக்குகள் எரிந்தன. சொசைட்டிக்காரர்கள் வழக்கம்போல எழப் பார்த்தார்கள். முன்னால் ஒருவரும் எழாததைக் கண்டு திரும்ப உட்கார்ந்தார்கள்.

அங்காளம்மாள்தான் எழுந்தாள். "சின்னம்மா" என்றாள். குரல் உயரவில்லை. "பொண்ணு எங்க?"

செல்லியம்மாள் நடந்துபோய்த் திரைக்கு முன்னால் நின்றாள். ஊரை நேரே பார்த்தாள். "கடைசி பொட்டி நேத்து வரல. நான் பாக்கல. வெளக்கு எரிஞ்சிகினு இருந்துது, நீங்கல்லாம் அயுதுகினு இருந்தீங்க. அப்டியே அனுப்ப மனசு வரல. நானா சொன்னேன்."

"கேட்டுகினீங்களா?" தட்சிணாமூர்த்தி நாற்காலியில் சாய்ந்தார். "சொன்ன கதையே பொய்யி. எழுந்திருங்க, வூட்டுக்குப் போங்க. செல்லி, சாவிய எடு."

யாரும் அசையவில்லை.

"எப்டி எழுந்திருக்கறது பெரியவரே?" என்றாள் அங்காளம்மாள். "மங்களம் ஆவலியே."

"சினிமாவுக்கு இன்னாம்மே மங்களம்?"

"அயுத கண்ணோட வூட்டு வாசப்படி ஏறலாமா? நாளைக்கு நாத்துல கைய வெக்கலாமா? நீங்க தருமகர்த்தா. நீங்களே சொல்லுங்க, ஏறலாமா?"

தட்சிணாமூர்த்தி வாயைத் திறந்தார். பூசாரி அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. வாழ்நாள் முழுதும் அவர் காத்துவந்த வழக்கம் அது.

"கூடாதுதான்" என்றார்.

அங்காளம்மாள் வெள்ளைத் திரையைப் பார்த்துக் கைகூப்பினாள். நடவில் பாட்டெடுக்கிற அதே குரலில் தொடங்கினாள்.

"ஆத்துக்கு மங்களம், அக்கரைக்கு மங்களம். ஓடத்துக்கு மங்களம், ஓட்டினவனுக்கு மங்களம்."

பெண்கள் வாங்கிப் பாடினார்கள். அப்போது தெற்கே போகிற வண்டி வந்தது. தகரக் கூரை அதிர்ந்தது. அங்காளம்மாள் பாட்டை நிறுத்திக் கூப்பிய கையை இறக்காமல் நின்றாள். ஊர் நின்றது. எட்மண்டும் ஹில்டாவும் எழுந்து நின்றார்கள். மூட்டைமேல் இருந்தவர்களும் ஒவ்வொருவராக எழுந்தார்கள். பெட்டி பெட்டியாக வண்டி போய் முடிகிறவரை ஒரு குழந்தைகூட வாய் திறக்கவில்லை.

சத்தம் ஓய்ந்ததும் விட்ட இடத்திலிருந்து எடுத்தாள்.

"வராத பொண்ணுக்கு மங்களம். அவ இருக்கற ஊருக்கு மங்களம்."

அந்த அடியை அவள் இரண்டு முறை பாடினாள். இரண்டாம் முறை குரல் உடையவில்லை.

தட்சிணாமூர்த்தி தோளிலிருந்த துண்டை எடுத்தார். கோயிலில் மங்களம் பாடும்போது செய்வதுபோல இடுப்பில் கட்டிக்கொண்டு எழுந்து நின்றார். அண்ணன் நிற்பதைக் கண்ட குப்புராஜ், அன்று முதல்முறையாகத் தரையைப் பார்க்காமல், தம் கொட்டகையைச் சுற்றிலும் பார்த்தார்.

பாட்டு முடிந்தது. பெண்கள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பிள்ளைகளைத் தேடிப் பிடித்துக்கொண்டு வெளியேறினார்கள். வாசலில் அங்காளம்மாள் நின்றாள்.

"அடுத்த தபா உள்ளத உள்ளபடி சொல்லு சின்னம்மா. அவ வரலேன்னா வரலேன்னு சொல்லு. மங்களத்த நாங்க பாத்துக்கறோம்."

"சரி" என்றாள் செல்லியம்மாள்.

தட்சிணாமூர்த்தி வெளியே வந்து வண்டிக்காரனைக் கூப்பிட்டார். "மூட்டைங்கள ஏத்து. எண்ணிகினு நிக்காத, மழ வருது." குடையை விரித்து இரண்டடி போனவர், திரும்பினார்.

"செல்லி."

"மாமா?"

"சனிக்கெயமை கோயில் மண்டபத்துல வெச்சி சொல்லு. கதை சொல்றவ ஒர மூட்ட மேல குந்தக்கூடாது."